எங்கள் ஊர் புரோகிராமர் குழுவில் நல்ல பேச்சாளர்கள் இருந்தும் மாதக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. அறிவிப்பை எங்கே, எப்படிப் போடுவது?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. திருச்சியில் பைத்தான் என்ற நிரல்மொழி எழுதுகிறவர்களின் குழுவுக்கு ஏழெட்டு வருடம் மாதாமாதம் அறிவிப்பு எழுதியவன் நான். பேசுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும், இடம் கொடுத்தவருக்கு நன்றி கிடைக்கும். அறிவிப்பு எழுதுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதே பலருக்குத் தெரியாது. அந்த எரிச்சலும் சேர்ந்துதான் இந்தப் பதில், அதனால் நீளும்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். குழுவை ஆரம்பித்தவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தது. வாட்ஸப் குழுவில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். கேன்வாவில் நீல நிறப் போஸ்டர் போட்டு, பேச்சாளர் படத்தை வட்டமாக வெட்டி ஒட்டி, வியாழக்கிழமை ராத்திரி அனுப்புகிறீர்கள். நாற்பது கட்டைவிரல் வருகிறது. சனிக்கிழமை போய்ப் பார்த்தால் நீங்கள், பேச்சாளர், பேச்சாளருடன் வந்த நண்பர். இப்படி இல்லையென்றால் மன்னியுங்கள், ஆனால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

முதலில் நாளும் இடமும். சென்னையில் லினக்ஸ் (இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம்) பயனர் குழு பல வருடங்களாக மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூடியது, ஐஐடி வளாகத்தில் விமானப் பொறியியல் துறையில். பைத்தான்காரர்களின் சென்னைபை நான்காவது சனிக்கிழமை. இரண்டாவது சனி என்றால் லினக்ஸ், நான்காவது சனி என்றால் பைத்தான் என்று ஆட்களுக்கு மனதில் பதிந்துவிடும். ஆறு மாதம் வராமல் இருந்தவன்கூட ஒரு சனிக்கிழமை சும்மா இருந்தால் கிளம்பி வந்துவிடுவான். பேச்சாளரின் வசதிக்காக ஒரு மாதம் ஞாயிறு, ஒரு மாதம் வெள்ளி சாயங்காலம் என்று மாற்றினீர்களோ, ஒவ்வொரு மாதமும் குழுவைப் புதிதாக ஆரம்பிக்கிற மாதிரிதான். எங்கள் குழுவில் பேச்சாளர் கிடைக்காத மாதங்களிலும் நாளை மாற்றவில்லை. ‘இந்த மாதம் பேச்சு இல்லை, அவரவர் எழுதிய புரோகிராமைக் கொண்டுவந்து காட்டலாம்’ என்று அறிவிப்பு போகும். அந்தக் கூட்டங்கள்தான் பெரும்பாலும் நன்றாக இருந்தன.

அந்த யோசனை என்னுடையது இல்லை. 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவர் வீட்டு கார் ஷெட்டில், தாங்களே கணினி கட்டுகிற ஆர்வலர்களின் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் முதல் தடவை கூடியது. ஆப்பிள் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான வாஸ்னியாக் அங்கே வந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதி ஒட்டியவர் ஃபிரெட் மூர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்களே ஒரு கணினி கட்டிக்கொண்டிருக்கிறீர்களா, அப்படியென்றால் அதே ஆர்வமுள்ளவர்களோடு வந்து சேருங்கள் என்பதுதான் அதன் சாரம். அதற்குப் பிறகு செய்தி மடலையும் அவர்தான் ஆரம்பித்து நடத்தினார். நோட்டீஸ் இல்லையென்றால் கூட்டம் ஏது? வாஸ்னியாக் பெயர் நிற்கிறது, மூர் பெயர் நிற்கவில்லை. சரி, என் கதையை அவர் தலையில் ஏற்றுகிறேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் அப்படித்தான்.

கிளப் பெரிதான பிறகு கூட்டத்தை லீ ஃபெல்சன்ஸ்டீன் நடத்தினார். முதலில் ஒவ்வொருவராக எழுந்து என்னிடம் இது இருக்கிறது, எனக்கு இது வேண்டும், இப்படி ஒரு செய்தி கேள்விப்பட்டேன் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அது முடிந்ததும் எழுந்து நடந்து, யாரிடம் பேச வேண்டுமோ அவரைப் பிடித்துக்கொள்ளலாம். இதை அப்படியே திருச்சிக்குக் கொண்டுவந்தோம். முதல் அரை மணி நேரம் எல்லோரும் ஒரு வரி சொல்ல வேண்டும். பெரிய கடைவீதியில் ஒரு கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்திருந்த ஒருவர், ‘மாசக் கடைசியில் ரிப்போர்ட் எடுத்தால் சிஸ்டம் நின்றுபோகிறது’ என்றார். மூலையில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி டேட்டாபேஸில் இன்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேட உதவும் அட்டவணை, போட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். போடவில்லை. இருவரும் ஒரே லேப்டாப்பில் குனிந்தார்கள், அன்றைய பேச்சாளரை இருவரும் கவனிக்கவே இல்லை. பேச்சாளருக்குக் கோபம். எனக்குச் சந்தோஷம்.

இப்போது அறிவிப்புக்கு வருகிறேன். எங்கள் ஆள் ஒருவர் பேசத் தயாரானார். அவர் அனுப்பிய தலைப்பு ‘பைத்தானில் யூனிகோட் கையாளுதல்: ஓர் அறிமுகம்’. யூனிகோட் என்றால் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்து வைக்கிற முறை. நல்ல விஷயம், செத்த தலைப்பு. பழைய பதிப்பான பைத்தான் 2-இல் எழுதியவர்களும் புதிய பதிப்பான 3-க்கு மாறியவர்களும் கலந்திருந்த காலம் அது. நான் அறிவிப்பை இப்படி எழுதினேன்: ‘அம்மா என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. பைத்தான் 3-இடம் நீளம் கேட்டால் 5 என்கிறது. பைத்தான் 2-இடம் கேட்டால் 15 என்கிறது. ஏன் என்று பார்க்கலாம், லேப்டாப் இருந்தால் கொண்டுவாருங்கள்.’ அவ்வளவுதான். யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடுகள், அவற்றைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆகப் பதினைந்து என்பதைக் கூட்டத்தில் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று நாற்காலி போதவில்லை. ஒரு தமிழாசிரியர்கூட வந்தார், கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர், கடைசி வரை உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். பேச்சாளர் அதே பேச்சாளர், விஷயமும் அதேதான்.

இது வெறும் விளம்பர உத்தி, கிளிக் வாங்குகிற வேலை என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதுங்கள். கேள்வியை முன்னால் வைத்துப் பதிலைக் கூட்டத்தில் சொன்னோம், சொல்லாமல் ஏமாற்றவில்லை.

தலைப்பைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அறிவிப்பை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏற்கனவே வருகிறவர்களை நினைத்து எழுதுகிறார்கள். ‘வழக்கமான இடம், வழக்கமான நேரம்’ என்று முடித்துவிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூடப் பஸ் வழித்தடம் போடுகிறோம். என் அறிவிப்பில் சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து எப்படி வருவது, எந்த மாடி, கீழே எந்த மருந்துக்கடை, பைக்கை எங்கே நிறுத்துவது எல்லாம் ஒவ்வொரு மாதமும் இருக்கும். கட்டணம் இல்லை என்று இருக்கும். பைத்தான் தெரியாதவர்களும் வரலாம் என்று இருக்கும். பழைய ஆட்கள் ‘இதையெல்லாம் எத்தனை தடவைதான் அனுப்புவாய்’ என்று கிண்டல் செய்வார்கள். உனக்கு அனுப்பவில்லை என்று சொல்லிவிடுவேன்.

அப்புறம் ஒரு தொலைபேசி எண். இதைப் போட்ட மாதத்திலிருந்து அப்பாக்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். ‘என்ன கிளாஸ் சார் அது? ஃபீஸ் எவ்வளவு? எத்தனை மணிக்கு விடுவீங்க? லேடீஸ் வருவாங்களா?’ முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகுதான் விஷயம் உறைத்தது: விடுதியில் இருக்கிற பெண்கள் ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். கூட்டம் மூன்றிலிருந்து ஐந்து என்று போட்டு, ஐந்துக்கு உண்மையிலேயே முடித்தோம், பேச்சாளர் பாதியில் இருந்தாலும். கொஞ்ச மாதத்தில் பெண்கள் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடியது. பெண்களை எப்படி வரவழைப்பது என்று தனியாகக் கூட்டம் போட்டுப் பேசுகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு நடக்கும்.

இடம் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இந்த ஆசை வரும். நாங்கள் கூடிக்கொண்டிருந்த டியூஷன் சென்டர் மாடி கைமாறியது. ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி, பெயர் வேண்டாம், லேப் தருகிறோம் என்றது. நாங்கள் கேட்டது ஒரு புரொஜெக்டர், இருபது நாற்காலி. போய்ப் பார்த்தால் வாசலில் ஃபிளெக்ஸ். தாளாளர் படம் ஆளுயரத்துக்கு, எங்கள் குழுவின் பெயர் அடியில் எழுத்துப்பிழையோடு. மாதக் கூட்டம் ‘ஒரு நாள் தேசியக் கருத்தரங்கு’ ஆகியிருந்தது. இரண்டாம் வருடப் பிள்ளைகள் மொத்தப் பேரையும், வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு என்று ‘ஆன் டியூட்டி’ கொடுத்து, ஓட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. தாளாளர் ஒழுக்கம் பற்றி ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். எங்கள் பேச்சாளருக்குக் கிடைத்தது இருபது நிமிடம், அதில் ஐந்து நிமிடம் மைக் வேலை செய்யவில்லை. நடுவில் கடைவீதி பில்லிங்காரர் போன் செய்தார். ஐடி கார்டு இல்லையென்று வாட்ச்மேன் அவரை கேட்டிலேயே நிறுத்திவைத்திருந்தார். நான் ஓடிப்போவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். அடுத்த மாதம் தலைக்கு இருநூறு ரூபாய் வாங்கிச் சான்றிதழ் கொடுக்கலாமா என்று கல்லூரியில் கேட்டார்கள். அதோடு கும்பிடு போட்டுவிட்டோம். தில்லைநகரில் ஒரு ஆடிட்டர், நண்பருக்கு நண்பர், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பூட்டிக்கிடக்கும் தன் ஆபீஸ் சாவியைக் கொடுத்தார். குழு பிழைத்தது அந்தச் சாவியால்தான்.

கல்லூரி என்றாலே இப்படித்தான் என்று சொல்லவில்லை, உடனே வரிந்துகட்டிக்கொண்டு வரவேண்டாம். சென்னை லினக்ஸ் குழு அத்தனை வருடம் ஓடியதே ஒரு கல்வி நிறுவனத்தின் வகுப்பறையில்தான். சென்னைபை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் கூடியிருக்கிறது. அங்கே உள்ளே இருக்கிற யாரோ ஒருவர் தனக்கும் பிடித்து அறை வாங்கிக் கொடுக்கிறார். நிர்வாகம் நம்மை அழைப்பதும், உள்ளே இருக்கிற பிரியமான ஒருவர் கதவைத் திறப்பதும் வேறு வேறு.

கூட்டம் முடிந்ததும் எதிரே டீக்கடை. உண்மையான குழு அங்கேதான் இருந்தது. மேடையில் கேட்கத் தயங்கிய கேள்வியை டீக்கடை பெஞ்சில்தான் கேட்பார்கள். வேலை மாற்றம், சம்பளம், எந்தக் கம்பெனியில் இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று பாண்ட் எழுதிக் கேட்கிறார்கள், எல்லாம் அங்கேதான். சாக்கடை கட்டுகிறோம் என்று ரோட்டைத் தோண்டினார்கள், மாசக்கணக்கில் அப்படியே கிடந்தது, மாஸ்டர் கடையைக் காலி செய்துவிட்டார். இப்போது அங்கே ஏசி கஃபே. ஒரு டீ எண்பது ரூபாய், அதுவும் தூக்கினால் வழுக்குகிற கைப்பிடி இல்லாத கப்பில். மூன்று பேர் சேர்ந்து ஒரு டீயோடு உட்கார்ந்தால் பையன் வந்து ‘வேற எதாச்சும் சார்?’ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறான். நின்றுகொண்டே டீ குடிக்க ஊரில் இடம் குறைந்துகொண்டே போகிறது, இதை யாரும் பேசுவதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும்.

எங்கே போடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாட்ஸப்பில் மட்டும் போடாதீர்கள். அங்கே காலை வணக்கத்துக்கும் ஆளெடுப்பு விளம்பரத்துக்கும் நடுவில் உங்கள் செய்தி மூழ்கிவிடும், போஸ்டர் படத்தில் இருக்கிற தேதியைத் தேடவும் முடியாது. தேதி, நேரம், முகவரியை எழுத்தாகவே தட்டுங்கள். பழைய பாணி மின்னஞ்சல் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆள் என்று சிரிப்பார்கள், ஆனால் 2020-இல் ஊரடங்கு வந்து எல்லாம் ஜிட்சி என்ற இணைய வீடியோ கூட்டத்துக்கு மாறியபோது மஸ்கட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பழைய ஆட்கள் வந்து சேர்ந்தது அந்தப் பட்டியலால்தான். வாட்ஸப் எண் மாறியவர்களுக்கும் மின்னஞ்சல் மாறவில்லை. ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முந்தின நாள் ஒருமுறை, போதும். கூட்டம் முடிந்த மறுநாள் என்ன நடந்தது என்று ஒரு பத்தி எழுதி அனுப்புங்கள். வராதவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள், அடுத்த மாதம் வருவதும் அதனால்தான்.

‘வருகிறேன்’ பட்டனை எண்ணி சமோசா ஆர்டர் செய்யாதீர்கள். அறுபது பேர் அமுக்கினால் பதினைந்து பேர் வருவார்கள், சமோசாவைக் கீழே மருந்துக்கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டி வரும்.

உங்கள் ஊர் எதுவென்று கேள்வியில் இல்லை. திருச்சியிலிருந்து போய் அன்றே திரும்புகிற தூரம் என்றால் எங்கள் குழுவில் பேச ஆள் இருக்கிறார்கள், பஸ் செலவும் கேட்க மாட்டார்கள். தலைப்பை அவர்களிடம் கேட்டு வாங்குங்கள், அறிவிப்பை நீங்களே எழுதுங்கள்.