அழுகை நின்ற பிறகு என்ன? – மனந்திரும்புதலும் மன்னிப்பும்: கேள்வி பதில்

மனந்திரும்புதல், மன்னிப்பு, விட நினைத்தும் விட முடியாத பழக்கங்கள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பல ஒரே கேள்வியின் வேறு வேறு உருவங்கள். அவற்றைச் சேர்த்துவிட்டேன். ஆள் யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டேன். நான் பெரிய வேத பண்டிதன் இல்லை. சபையில் ஆட்களோடு உட்கார்ந்து பேசி, ஜெபித்து, சில நேரம் தப்பான ஆலோசனையும் சொல்லி, அதிலிருந்து கற்றுக்கொண்டவன். அவ்வளவுதான்.

கேள்வி: ஐயா, ஒவ்வொரு ஞாயிறும் அழுது ஒப்புக்கொடுக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் பழையபடி ஆகிவிடுகிறேன். என் மனந்திரும்புதல் பொய்யா?

பொய் என்று சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் நீங்கள் அளப்பது கண்ணீரை. பழைய ஏற்பாட்டில் இதற்கு வரும் எபிரெயச் சொல் 'ஷூப்'. போன வழியில் திரும்பி வருவதற்குச் சொல்லும் சாதாரண வார்த்தை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'மெட்டனோயா'. அது மனம் மாறுவதைச் சொல்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்களைப் பாராட்ட வேண்டும். 'மனந்திரும்புதல்' என்று இரண்டையும் ஒரே சொல்லில் கோத்துவிட்டார்கள். இந்த மூன்று சொற்களிலும் அழுகை என்ற பொருள் கிடையாது.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசையும், அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யூதாஸ் மனஸ்தாபப்பட்டான். வாங்கிய 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். பேதுரு அன்று செய்தது என்ன? வெளியே போய் அழுதார். செய்ததை மட்டும் கணக்குப் போட்டால் யூதாஸ்தான் அதிகம் செய்திருக்கிறான்! ஆனால் அவன் போனது பிரதான ஆசாரியர்களிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று அவர்கள் கையை உதறிவிட்டார்கள். பேதுருவோ, பின்னொரு நாள் கரையில் நிற்பது உயிர்த்தெழுந்த ஆண்டவர் என்று தெரிந்ததும் படகு கரை சேரும்வரைகூடப் பொறுக்காமல் கடலில் குதித்து அவரிடம் போனார். அழுகை இரண்டு பேருக்கும் வரலாம். யாரிடம் போகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

சரி, உங்கள் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். ஞாயிறு ஆராதனையைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, திங்கள் ராத்திரி என்ன நடக்கிறது என்று எழுதி வையுங்கள். யாரோடு பேசினீர்கள், எங்கே போனீர்கள், எவ்வளவு களைப்பு. திரும்ப வேண்டிய வளைவு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: பிரதர், 5 வருடமாக ராத்திரியில் போனில் ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம். ஜெபம், உபவாசம் எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். யாருக்கும் தெரியாது.

உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கலே இருக்கிறது. யாருக்கும் தெரியாது என்பதுதான் இந்தப் பழக்கத்தைச் சோறு போட்டு வளர்க்கிறது. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது. அதாவது ஒரே ஒருவர். வாயைக் கட்டத் தெரிந்த, உங்களைவிட மூத்த விசுவாசி யாராவது. மேடையில் ஏறிச் சாட்சி சொல்லச் சொல்லவில்லை. அது வேண்டவும் வேண்டாம்.

அப்புறம், இச்சைக்கு இடம் பண்ணிக்கொடுக்காதே என்கிறார் பவுல் (ரோமர் 13:14). போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு 'கர்த்தாவே, என்னைக் காப்பாற்றும்' என்று ஜெபிப்பது இடம் பண்ணிக்கொடுத்துவிட்டு ஜெபிப்பதுதான். போன் வேறு அறையில் தூங்கட்டும். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். யோசேப்பு, தன்னைப் பாவத்துக்கு இழுத்த போத்திபாரின் மனைவியோடு வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினார்.

இன்னொன்று. விழாமல் எத்தனை நாள் இருந்தேன் என்று மட்டும் எண்ணாதீர்கள். விழுந்த பிறகு ஆண்டவரிடம் திரும்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்றும் பாருங்கள். முன்பு ஒரு வாரம் வெட்கத்தில் ஒளிந்திருந்தவர் இப்போது அதே ராத்திரியில் திரும்புகிறார் என்றால் அது வளர்ச்சிதான். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழுந்திருப்பான் என்ற வசனத்தில் (நீதிமொழிகள் 24:16) விழுகிறவனையும் நீதிமான் என்றே எழுதியிருக்கிறது, கவனித்தீர்களா?

கேள்வி: ஜெபிக்கும்போது பரிசுத்த ஆவியானவரைப் பற்றி அசிங்கமான எண்ணங்கள் தானாக வருகின்றன. மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

இல்லை, அம்மா. மாற்கு 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பரிசுத்த ஆவியைத் தூஷிப்பவனுக்கு மன்னிப்பு இல்லை என்று இயேசு சொன்னது, கண்முன்னே குணமாகிறவர்களைப் பார்த்துக்கொண்டே 'இது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை' என்று தெரிந்தே சொன்ன வேதபாரகரிடம். அவர்களுக்குப் பயமும் இல்லை, மன்னிப்பு வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. நீங்கள் நடுங்கிக்கொண்டு கேட்கிறீர்கள். அந்த நடுக்கமே நீங்கள் அவர்கள் கூட்டத்தில் இல்லை என்பதற்குச் சாட்சி.

17-ஆம் நூற்றாண்டில் ஜான் பனியன் என்ற போதகர் இதே பயத்தில் நீண்ட காலம் தவித்தார். கிறிஸ்துவை விற்றுவிடு என்று மனதுக்குள் ஒரு குரல் விடாமல் நச்சரித்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பிற்பாடு அவருடைய எழுத்து எத்தனையோ பேரை ஆறுதல்படுத்தியது.

வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் துரத்த நீங்கள் ஒரே ஜெபத்தைப் பத்து முறை, இருபது முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அது பாவம் அல்ல, ஒரு நோயாக இருக்கலாம்.

கேள்வி: குடியை விட விரும்புகிறேன். மருந்து எடுத்தால் விசுவாசக் குறைவு என்கிறார்கள்.

யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். நீண்ட காலம் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி குழம்புவது என்று உயிருக்கே ஆபத்து வரலாம். 'இன்றோடு விட்டேன்' என்று அழுது ஜெபித்துவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் டாக்டர். சபை உங்கள் கூடவே வரட்டும்.

அதற்கப்புறம் ஒரு குழு வேண்டும். 1935-இல் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நின்று தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இன்று உலகம் முழுக்க இருக்கிறது. தங்கள் பலவீனத்தை ஒப்புக்கொள்வதில்தான் அவர்கள் தொடங்குகிறார்கள். நம் சபைகளில் பலருக்கு அந்த இடத்துக்கு வந்து சேரவே வருடக்கணக்கில் ஆகிறது.

கேள்வி: பாவத்தைக் குருவானவரிடம் அறிக்கையிட வேண்டுமா, நேராகக் கடவுளிடமா?

கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும், பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை இயேசு சீஷர்களுக்குக் கொடுத்த யோவான் 20:23-ஐக் காட்டுவார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற கத்தோலிக்கப் பொதுச்சங்கம் விதித்தது. புராட்டஸ்டண்ட் சபைகள், கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர் என்ற 1 தீமோத்தேயு 2:5-ஐக் காட்டும். இதில் வேடிக்கை, மார்ட்டின் லூத்தர் தனி அறிக்கையை ஒழிக்கவே இல்லை. கட்டாயத்தைத்தான் எதிர்த்தார். நேராகக் கடவுளிடம் சொல்லலாம் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் 'நேராகக் கடவுளிடம்' என்று சொல்லும் நம்மில் எத்தனை பேர் உண்மையில் சொல்கிறோம் என்று கேட்டால் நானும் தலை குனிய வேண்டியதுதான்.

கேள்வி: சிறுவயதில் அப்பா செய்த கொடுமையை மன்னித்துவிட்டேன் என்று ஜெபித்தேன். ஆனாலும் அவரைப் பார்த்தால் கோபம் வருகிறது. அப்படியென்றால் நான் மன்னிக்கவில்லையா?

மத்தேயு 18-இல் இயேசு சொன்ன உவமையில் ஒரு கணக்கு இருக்கிறது. ராஜாவுக்கு ஒரு வேலைக்காரன் பட்டு, ராஜா மன்னித்துவிட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. எத்தனை பிறவி உழைத்தாலும் அடைக்க முடியாது. அவனுக்கு இன்னொருவன் பட்ட கடன் 100 வெள்ளிப்பணம். இதை 'அற்பக் காசு' என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அற்பமா? மூன்று மாதக் கூலிக்கு மேல். அது போனால் ஒரு கூலிக்காரன் வீட்டில் அடுப்பு எரியாது. உனக்கு நடந்தது ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. அது நிஜமான கடன், நிஜமான இழப்பு. அதை ஒத்துக்கொண்ட பிறகுதான் மன்னிப்பு என்ற பேச்சே வருகிறது.

கோபத்துக்கு வருவோம். யோசேப்பு எகிப்தில் தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்தார். என் தகப்பன் வீட்டையெல்லாம் தேவன் மறக்கப்பண்ணினார் என்று அதற்குக் காரணமும் சொன்னார். மறந்தாயிற்று, முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார். தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மார் பஞ்சத்தில் வந்து நின்றதும் என்ன ஆனது? கடுமையாகப் பேசினார். தனியே போய் அழுதார். திரும்ப வந்தார். மறுபடியும் அழுதார். மன்னிப்பை முடிவெடுப்பது ஒரு நாளில் நடக்கும். உடம்பும் மனசும் அந்த முடிவுக்கு வந்து சேர வருடங்கள் ஆகும். கோபம் வரும் ஒவ்வொரு முறையும், 'இந்தக் கடனை வசூலிக்க மாட்டேன் என்று சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன்' என்று ஆண்டவரிடம் சொல்லுங்கள். ஏழு எழுபது தரம் மன்னி என்று இயேசு சொன்னது சில நேரம் ஒரே குற்றத்துக்கே தேவைப்படுகிறது. எனக்கும் என் அண்ணனுக்கும் 11 வருடம் பேச்சு இல்லை. மன்னித்துவிட்டேன் என்று நான் நிம்மதியாக இருந்த நாட்களில்கூட அவர் பெயர் காதில் விழுந்தால் வாய் கசக்கும். அந்தக் கசப்பு எப்போது போனது என்று இன்று எனக்கே நினைவில்லை.

கேள்வி: என் கணவர் அடிக்கிறார். ஏழு எழுபது தரம் மன்னித்து வீட்டிலேயே இரு என்று சபையில் சொல்கிறார்கள்.

சகோதரி, இதற்குச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள். போலீசில் புகார் கொடுப்பது பாவமில்லை. அதிகாரம் தீமை செய்கிறவனுக்கு எதிராகவே இருக்கிறது என்று ரோமர் 13 சொல்கிறது.

மன்னிப்பு வேறு, மறுபடி சேர்ந்து வாழ்வது வேறு. மேலே சொன்ன யோசேப்பே அண்ணன்மாரைப் பார்த்ததும் 'நான்தான் உங்கள் தம்பி' என்று கட்டிப்பிடிக்கவில்லை. சோதித்தார். தன்னை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்வந்ததைப் பார்த்த பிறகுதான் முகத்தைக் காட்டினார். உங்கள் கணவர் நிஜமாகவே திரும்பினாரா என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும். அதுவரை அவர் அழுது காலில் விழுந்தாலும் நீங்கள் தள்ளி இருக்கலாம். உங்களைத் திருப்பி அனுப்பும் மூப்பர்களுக்கு, தங்கள் மகள் என்றால் இதையே சொல்வார்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது.

கேள்வி: தொழிலில் கூட்டாளியை ஏமாற்றி எடுத்த பணம். இப்போது அவர் உயிரோடு இல்லை. கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். போதுமா?

போதாது. கடவுளிடம் கேட்டது சரி. பணம் இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது? எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் இதை உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும். எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடு. வாங்கிக்கொள்ள உரியவர் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கு. எனவே அவர் குடும்பத்தைத் தேடுங்கள். யாருமே இல்லையென்றால் ஏழைகளுக்குக் கொடுங்கள். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவர் சகேயு இன்னும் தாராளம், ஏமாற்றியதற்கு நாலத்தனை என்றார். நீங்கள் அசலையாவது கொண்டுபோங்கள்.

குடும்பத்தினரிடம் சொல்லும்போது உங்கள் மனப்பாரம் இறங்குவதற்காக அவர்கள் தலையில் புதுப் பாரம் ஏற்றாதீர்கள். விவரம் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். சட்டச் சிக்கல் இருந்தால் வக்கீலையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடவுள் மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன். என்னால்தான் என்னை மன்னிக்க முடியவில்லை.

உன்னை நீயே மன்னித்துக்கொள் என்று வேதத்தில் எங்கேயும் எழுதியில்லை. எனக்கு அது ஒரு பெரிய நிம்மதி. அந்த வேலை நம்முடையது இல்லை. நம் இருதயமே நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்தைவிடப் பெரியவர் என்கிறது 1 யோவான் 3:20. தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் நீங்கள் உட்கார வேண்டாம்.

அதே நேரம், மன்னிப்பு வந்தால் விளைவு எல்லாம் அழிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவிடம் 'கர்த்தர் உன் பாவத்தை நீக்கினார்' என்று சொன்ன பிறகும் அந்த வீட்டில் கண்ணீர் ஓயவில்லை. ஜான் நியூட்டனைப் பாருங்கள். 1748-இல் கடல் புயலில் ஆண்டவரைக் கூப்பிட்டவர், அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் போனார். அந்த வியாபாரத்தைக் கண்டித்து வெளிப்படையாக எழுதியது 1788-இல்தான். புயலுக்கும் அந்த எழுத்துக்கும் இடையே 40 வருடம். மனம் ஒரு ராத்திரியில் திரும்பியது, வாழ்க்கை முழுக்கத் திரும்ப அவ்வளவு காலம் பிடித்தது. குற்ற உணர்வை அவர் பாராங்கல்லாகக் கழுத்தில் கட்டிக்கொள்ளவில்லை. தான் கண்டதைச் சொல்லிச் சாட்சியாக நின்றார்.

கேள்வி: செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இப்படி நினைப்பதே பாவமா?

தீர்க்கதரிசி எலியாவும் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவன் அவரைத் திட்டவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தூங்க விட்டார், சாப்பாடு கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார், மறுபடி சாப்பாடு கொடுத்தார். பேச்சு அதற்கப்புறம்தான். நீங்கள் இன்று தனியாக இருக்காதீர்கள். இதைப் படித்தவுடன் வீட்டில் ஒருவரிடமோ நண்பரிடமோ இதே வார்த்தையைச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பாவமா இல்லையா என்பதை நாம் பிறகு நிதானமாகப் பேசலாம்.

கேள்வி: எனக்கு ஜெபமே வரவில்லை. என்ன சொல்வது?

இயேசு சொன்ன உவமையில், ஆலயத்தில் தூரத்தில் நின்ற ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) சொன்னது நாலே வார்த்தை: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அதைச் சொல்லிவிட்டுப் படுங்கள். நாளைக்கும் வேறு வார்த்தை வராவிட்டால் அதையே சொல்லுங்கள்.