கால் இடித்தால் சீட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 9 மாதம். காரில் பின்பக்கம் பார்த்து வைக்கும் கைக்குழந்தை சீட்டில் அவன் கால் கார் இருக்கையில் இடிக்கிறது. முன்பக்கம் திருப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம்மா! கால் இடிப்பது ஒரு குறையே இல்லை. என் பேத்தி சம்மணம் போட்டு ஜம்மென்று வருவாள். தலையைப் பாருங்கள். உச்சந்தலைக்கு மேல் சீட்டின் ஓடு, அதாவது கெட்டியான வெளிக்கூடு, 2.5 சென்டிமீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும். அந்த இடைவெளி போய்விட்டால் சீட் சின்னதாகிவிட்டது. சீட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் எடை, உயர வரம்புகள் இருக்கும். ஒன்றைத் தாண்டினாலே மாற்ற வேண்டியதுதான். பெரும்பாலும் உயரம்தான் முந்திக்கொள்ளும்.

அடுத்து வாங்குவது இரண்டு பக்கமும் திருப்பி வைக்கக்கூடிய பெரிய சீட். அதையும் இப்போதைக்குப் பின்பக்கம் பார்த்தே பொருத்துங்கள். இந்த வயதில் தலை கனம், கழுத்து பலவீனம். கார் முன்புறம் மோதினால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகு சேர்த்துத் தாங்கிக்கொள்ளும். "பாவம், பிள்ளைக்கு வேடிக்கை தெரியலையே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

பழைய சீட்டைக் கொடுப்பதானால் காலாவதித் தேதியைப் பார்த்துக் கொடுங்கள். விபத்தில் பலமாக அடிபட்ட சீட் என்றால் யாருக்கும் தராதீர்கள்.