நாலு மரத்துப் பிள்ளைகள்: செம்பனை விதை பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கன்றைப் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். எங்கள் ஜொகூர் குளுவாங் வட்டாரத்தில் பழைய செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்குப் போய்விட்டன. காப்பிக் கடையில் உட்கார்ந்தால் மறுநடவுப் பேச்சுதான். முப்பது வருடம் விதைத் தோட்டத்தில் குலை வெட்டிப் பழம் எண்ணியவன் நான். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்து மரத்தடியில் முளைத்த கன்றுகளைச் சும்மா தருகிறேன் என்கிறார் ஒரு நண்பர். தாய்மரம் நன்றாகக் காய்க்கிறது. பையில் வளர்த்து நடலாமா? (சிம்பாங் ரெங்கம் வாசகர்)

வேண்டாம் அண்ணே. சும்மா கிடைக்கிற கன்றுதான் கடைசியில் அதிக விலை கேட்கும்.

செம்பனையில் மூன்று வகை. ஓடு தடித்தது டூரா. ஓடே இல்லாதது பிசிபெரா. இரண்டையும் சேர்த்தால் வருவது டெனெரா. அதன் ஓடு மெல்லியது, சதை அதிகம், டூராவைவிட எண்ணெய் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல். தோட்டங்களில் நிற்பது இந்த டெனெராதான். அதன் பழம் விழுந்து முளைத்தால் பிள்ளைகள் அப்பா அம்மா மாதிரி வராது. டெனெராவும் டெனெராவும் சேர்ந்த 100 கன்றில் ஏறக்குறைய 25 டூரா, 50 டெனெரா, 25 பிசிபெரா. இந்த பிசிபெரா மரம் செழிப்பாக, மட்டை விரித்து, பார்க்க ராஜா மாதிரி நிற்கும். ஆனால் பெரும்பாலும் குலை பழுக்காமலே அழுகிவிடும். உரம் தின்னும், இடம் அடைக்கும், ஒரு வெள்ளி தராது.

கன்றாக இருக்கும்போது கண்ணால் பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாது. காய்க்கத் தொடங்கிய பிறகு ஒரு பழுத்த பழத்தை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கத்தி நடுவில் 'கடக்' என்று நின்று, தடித்த ஓடு தெரிந்தால் டூரா. டெனெராவில் மெல்லிய ஓட்டைச் சுற்றி, சதைக்குள் கருப்புப் புள்ளிகள் ஒரு வளையமாக இருக்கும். அது நார். அந்த வளையம்தான் அடையாளம்.

என் மைத்துனர் ஐந்து ஏக்கருக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு நாற்றுப்பண்ணையில் 280 கன்று வாங்கினார். ரசீதில் கன்றின் விலை மட்டும் இருந்தது, விதை எங்கிருந்து வந்தது என்று இல்லை. நாலாம் வருடம் நானே மரம் மரமாகப் போய்ப் பழம் வெட்டினேன். நாற்பதுக்கு மேல் டூரா. மைத்துனர் ஒன்றும் பேசவில்லை, வெட்டிய பழங்களைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த மரங்களைச் சாய்க்கவும் மனம் வராது, வைத்திருந்தாலும் நட்டம். ஆலையில் டூரா குலை கலந்திருந்தால் எண்ணெய் விகிதத்தைக் குறைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

அதனால் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் உள்ள நாற்றுப்பண்ணையில் மட்டும் வாங்குங்கள். எந்த நிறுவனத்தின் விதை, எந்தக் கலப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். நாட்டில் செம்பனை விதைக்கு எம்.எஸ். 157 என்ற தர நிர்ணயமே இருக்கிறது. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், 25 வருடம் அந்த மரத்தோடு வாழப்போகிறவர் நீங்கள்தான்.

பெரிய நிறுவனங்கள் கோடி கோடியாகச் சம்பாதிக்கின்றன. விதை ஆராய்ச்சியை அவர்களே செய்யட்டுமே, அரசாங்கம் ஏன் நம் பணத்தைப் போட வேண்டும்? (குளுவாங் ஆசிரியர்)

நியாயமான கேள்வி ஐயா, முழுசாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் பணம். வாரியத்தின் ஆராய்ச்சிக்குப் பெரும்பகுதி, ஆலைகள் ஒரு டன் எண்ணெய்க்கு இவ்வளவு என்று கட்டும் தீர்வையிலிருந்து வருகிறது. ஆலை அதைக் கட்டினாலும், உங்கள் குலைக்குக் கொடுக்கும் விலையில் அதன் பாரம் இருக்கிறது. ஆகவே அரை லாரி குலை அனுப்புகிறவரும் அந்த ஆராய்ச்சிக்குப் பங்குதாரர்தான்.

இரண்டாவது, காலம். நெல் என்றால் வருடத்துக்கு இரண்டு தலைமுறை பார்க்கலாம். செம்பனையில் கலப்புச் செய்து, நட்டு, காய்க்க வைத்து, சில வருடம் குலை எடை எழுதி, நல்லதைத் தேர்ந்தெடுப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிடும். அது ஒரு சுற்று மட்டும்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நட்ட கலப்பின் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்குள் எனக்கு ஓய்வு வயது வந்துவிட்டது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு ஆப்பிரிக்கக் கன்றுகளை நட்டார்கள். சுமத்ராவிலும் மலாயாவிலும் பரவி, இன்றைய டெனெராவுக்குத் தாய்வழியாக நிற்கும் டெலி டூரா முழுவதும் அந்த நாலு மரத்துப் பிள்ளைகள். 1917இல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் வாணிபத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டபோதும் இதே வம்சம்தான். நம் தமிழ்ப் பெயரோடு இருக்கிற தோட்டம் அது! ஒரு தேசத்தின் பிழைப்பே நாலு மரத்து ரத்தத்தில் நின்றால், ஒரு புது நோய் வந்தால் என்ன செய்வது?

அதனால்தான் 1973இல் நம் அரசாங்க ஆராய்ச்சிக்காரர்கள் நைஜீரியாவுக்குப் போய்க் காட்டு மரங்களின் விதைகளைச் சேகரித்தார்கள். பிறகு கேமரூன், அங்கோலா, தான்சானியா என்று நீண்டது. இதில் முன்னின்றவர் டாக்டர் ராஜநாயுடு. அந்தச் சேகரிப்பு எங்கே வளர்கிறது தெரியுமா? இதே குளுவாங்கில், வாரியத்தின் ஆராய்ச்சி நிலையத்தில். உலகத்திலேயே பெரிய செம்பனை மரபுச் சேகரிப்பு நம் ஊர்க்காரர்கள் மோட்டாரில் கடந்து போகிற வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை விளைச்சலில் சுமார்தான். லாபக் கணக்குப் பார்க்கிற எந்த நிறுவனமும் அவற்றை நூற்றுக்கணக்கான ஹெக்டரில் வளர்த்துப் பராமரிக்காது. தனியார் செய்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, விளைச்சலை உயர்த்தியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அவர்களுக்கு அடித்தளம் போட்டது பொதுப்பணம். டூராவும் பிசிபெராவும் சேர்ந்தால்தான் டெனெரா என்ற ஓட்டின் ரகசியத்தை 1941இல் வெளியிட்ட பெய்ர்நார்ட், வான்டர்வேயன் இருவரும் பெல்ஜிய காங்கோவின் அரசு ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள். அந்த ஓட்டு மரபணுவையே 2013இல் கண்டுபிடித்து வெளியிட்டது நம் வாரியமும் ஓர் அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து. கனடாவிலும் இதே கதைதான். கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் விதையை, மனிதர் உண்ணத்தக்க கனோலா என்ற எண்ணெய் வித்தாக மாற்றியவர்கள் அரசு ஆராய்ச்சி நிலையத்தின் டவுனியும் மானிடோபா பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபான்சனும். தனியார் நிறுவனங்கள் பெருமளவில் அதற்குள் வந்தது பிற்பாடு.

எனக்கு ஒரு குறை உண்டு. மரபணு வரைக்கும் போன நாட்டில் ஐந்து ஏக்கர்க்காரர் இன்னும் நாலாம் வருடம் கத்தியால் வெட்டித்தான் தன் மரத்தைத் தெரிந்துகொள்கிறார். இலையை வைத்துக் கன்றிலேயே வகை சொல்லும் சோதனை இப்போது இருக்கிறது. சிறுதோட்டக்காரர் வாங்கும் கன்றுகளில் ஒரு பகுதியையாவது அரசுச் செலவில் சோதித்துக் கொடுக்க வேண்டும். தீர்வை கட்டியவருக்கு அது பிச்சை இல்லை, உரிமை. அதுவரை உங்கள் வட்டாரத்துத் துனாஸ் அதிகாரியைப் பிடித்து ஆலோசனை கேளுங்கள், சிறுதோட்டக்காரர்களுக்காகவே வாரியம் வைத்திருக்கும் ஆட்கள் அவர்கள்.

என் அம்மா தோட்டத்தில் 'பூவுக்குப் பொடி அடிக்கும்' வேலை செய்தாராம். அப்புறம் ஒரு வண்டு வந்து அந்த வேலையே போய்விட்டது என்கிறார். உண்மையா? (பாலோ வாசகி)

முழு உண்மை அம்மா. ஆண் பூவின் மகரந்தத்தை முகப்பவுடர் மாதிரியான டால்க் தூளோடு கலந்து, ஒவ்வொரு பெண் பூவாகத் தேடி ஊத வேண்டும். முள்ளுக்கு நடுவே கையை விட்டு அதைச் செய்தவர்களில் நம் பெண்கள் ஏராளம்.

ஆப்பிரிக்காவில் அந்த வேலையை ஒரு சின்ன மூக்கு வண்டு செய்கிறது என்று கேமரூனில் ஆராய்ந்து காட்டியவர் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர். செலவு ஒரு தனியார் நிறுவனத்தினுடையது. ஆனால் வேற்றுக் கண்டத்துப் பூச்சியை உள்ளே விடலாமா, வேறு பயிரைத் தின்னுமா என்று பார்த்து அனுமதி கொடுக்க வேண்டியது அரசாங்கம். 1981இல் அதை அவிழ்த்துவிட்ட இடங்களில் ஒன்று நம் குளுவாங் பாமோல் தோட்டம். இன்றும் ஆண் பூ விரிந்த மரத்தடியில் நின்றால் சோம்பு வாசனை வரும். கிட்டே போனால் வண்டுகள் மொய்ப்பது தெரியும். நாட்டுக்குப் பெரிய லாபம்தான். கூலி இழந்த பெண்களின் பெயரை அந்தக் கணக்கில் யாரும் எழுதவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள், எந்தத் தோட்டம், எந்த வருடம், என்ன கூலி என்று.

குட்டை ரகச் செம்பனை வந்துவிட்டது என்கிறார்கள். வாரியத்தில் நேரே போய் விதை வாங்கலாமா?

முடியாது. நைஜீரியச் சேகரிப்பிலிருந்து மெதுவாக உயரும் மரங்களைத் தேர்ந்தெடுத்து பி.எஸ். 1 என்று தொண்ணூறுகளில் வெளியிட்டார்கள். அது விதை உற்பத்தியாளர்களுக்குப் பெற்றோர் மரமாகப் போகும், அவர்கள் தங்கள் ரகங்களோடு கலந்து விற்பார்கள். நாற்றுப்பண்ணையில் 'மெதுவாக உயரும் ரகம்' என்று கேளுங்கள். வெட்டுக்கு ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் கேட்கத் தகுந்ததுதான்.

திண்டிவனத்துச் சொந்தக்காரர் டி.எம்.வி. ரக நிலக்கடலை விதை தருகிறார். கொண்டுவந்து இளங்கன்று வரிசைக்கு நடுவே விதைக்கலாமா?

பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள். விதைக்கு இறக்குமதி அனுமதி வேண்டும். நோயும் பூச்சியும் அப்படித்தான் நாடு தாண்டுகின்றன. இங்கே கிடைக்கும் கடலை விதையையே போடுங்கள், மண்ணுக்கும் நல்லது.

டி.எம்.வி. என்பதே திண்டிவனத்தின் பெயர்தான். அங்குள்ள அரசு எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்கள் அவை. கடலை தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. செம்பனை மாதிரி இல்லை, இந்த வருடக் காயை எடுத்து வைத்தால் அடுத்த வருடமும் அதே ரகம்தான். ஒரு முறை வாங்கிய விவசாயி மறுபடி கடைக்கு வரவே வேண்டாம். அப்படிப்பட்ட பயிரில் எந்தக் கம்பெனி முதல் போடும்? அதனால்தான் அங்கே கடலைக்கு அரசாங்கம் விதை ரகங்களை உருவாக்கியது, உங்கள் சொந்தக்காரரும் அதை எடுத்து வைத்து உங்களுக்கு ஒரு படி தர முடிகிறது.