பூண்டு சீஸ் பாஸ்தா திரியாமல் வர: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த சமையல் கேள்விகளில், பூண்டு சீஸ் சேர்த்துச் செய்யும் பாஸ்தாவைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு விடை எழுதியிருக்கிறேன். முதல் கேள்வியை வெவ்வேறு சொற்களில் பலர் கேட்டிருப்பதால், அதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அம்மா, வணக்கம். நான் வேலை முடிந்து வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. விரைவில் முடியும் உணவு என்று தோழி சொன்னதால், பூண்டும் வாசனைத் தழைகளும் கலந்த சீஸ் டப்பா ஒன்றை வாங்கினேன். பாஸ்தாவை வேகவைத்து வடித்து, வாணலியில் பாலும் சீஸும் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டுக் கலந்தேன். சீஸ் சிறுசிறு கட்டிகளாகத் திரிந்து, எண்ணெய் தனியே பிரிந்து நின்றது. இரண்டு முறை செய்தும் இதே கதைதான். எங்கே தவறு செய்கிறேன்?
– வாசகி, வேளச்சேரி

நீங்கள் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான், சீஸைக் கொதிக்கவிட்டீர்கள். மோர்க்குழம்பு வைக்கும்போது, அரைத்த விழுதைக் கெட்டி மோரில் கரைத்து அடுப்பில் ஏற்றி, நுரை கூடி வரும் வேளையில் இறக்கிவிடுகிறோம் அல்லவா? அதே கவனம் இந்தச் சீஸுக்கும் வேண்டும். இதுவும் புளிக்கவைத்த பாலிலிருந்து எடுக்கப்படும், முதிர வைக்காத, ஈரப்பதம் மிகுந்த சீஸ்தான். இதிலுள்ள கேசின் என்னும் பால் புரதம் மிகுந்த சூட்டில் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். அப்படி இறுகும்போது, அதுவரை தன்னுள் பிடித்து வைத்திருந்த நீரையும் கொழுப்பையும் வெளியே விட்டுவிடும். நீங்கள் வாணலியில் கண்ட கட்டிகளும் எண்ணெயும் இவ்வாறு பிரிந்து வந்தவைதான்.

மோர்க்குழம்பில் ஊறவைத்த அரிசியையும் பருப்பையும் அரைத்து விடுவதற்குக் காரணம் சுவையும் கெட்டித்தன்மையும் மட்டுமல்ல. அவற்றிலுள்ள மாவுச்சத்து புரதத் துகள்களுக்கு இடையே புகுந்து, அவை ஒட்டித் திரளாமல் காக்கிறது. பாஸ்தாவில் அந்த வேலையைச் செய்வது பாஸ்தா வெந்த நீர். நம் வீட்டில் சோறு வடித்த கஞ்சிக்கு நிகரானது அது. நம்மில் பலர் அந்த நீர் முழுவதையும் தொட்டியில் கொட்டிவிட்டு, அதற்குப் பதிலாகப் பாலையும் கிரீமையும் தேடுகிறோம். அந்தப் பாஸ்தாக் கஞ்சியை ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டால் பாலே தேவைப்படாது.

இருவர் வயிறார உண்பதற்கான அளவைச் சொல்கிறேன். 2 லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, இரண்டரைத் தேக்கரண்டி தூளுப்பு, அதாவது ஏறத்தாழ 15 கிராம் சேருங்கள். சீஸிலேயே உப்பு இருப்பதால் இதற்கு மேல் வேண்டாம். பாஸ்தா வெந்து முடியும்போது ஏறக்குறைய இரு மடங்கு எடையாகிவிடும். கூடுகிற எடை முழுவதும் அது குடித்த நீர்தான். ஆகையால் உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில், குடிக்கும் நீரிலேயே வேகவையுங்கள். 200 கிராம் பாஸ்தாவைப் போட்டு, பொட்டலத்தில் குறித்துள்ள நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பாகவே வடித்துவிடுங்கள். வடிப்பதற்கு முன் ஒரு டம்ளர் நீரை மறக்காமல் மொண்டு வையுங்கள். நூடுல்ஸ் செய்த பழக்கத்தில் பலர் கொதிநீரில் எண்ணெய் ஊற்றுகிறார்கள். வெந்ததைக் குளிர்ந்த நீரில் அலசவும் செய்கிறார்கள். இங்கே இரண்டும் கூடாது. எண்ணெய் பூசிய பாஸ்தாவில் சீஸ் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். அலசினால் மேலே படிந்த மாவுச்சத்து முழுவதும் போய்விடும்.

பாஸ்தா வேகும்போதே அகலமான வாணலியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, மெல்லியதாக நறுக்கிய நான்கைந்து பல் பூண்டை இளந்தீயில் வதக்குங்கள். பச்சை வாசனை போனால் போதும்; சிவந்தால் கசக்கும். சீஸிலேயே பூண்டு இருக்கிறதே, மீண்டும் எதற்கு என்று தோன்றலாம். சீஸில் இருப்பது பச்சைப் பூண்டின் காரம். வெண்ணெயில் வதங்கிய பூண்டில் வருவது இனிப்பு கலந்த மணம். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த உணவு நிறைவாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

வதங்கிய பூண்டில் அரை டம்ளர் கஞ்சியை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் பாஸ்தாவைச் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டுங்கள். இப்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதி முற்றிலும் அடங்கட்டும். அதன் பிறகே 100 கிராம் சீஸைச் சிறு துண்டுகளாக உதிர்த்துப் போட்டுக் கிளறுங்கள். வாணலியின் சூடே அதை உருக்கிவிடும். மீதிக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக விட்டு, தோசை மாவை விடச் சற்றே நீர்த்த பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தட்டுக்கு வந்ததும் இது மேலும் இறுகும் என்பதால், வாணலியில் கொஞ்சம் தளர்வாக இருப்பதே சரியான பதம். மேலே மிளகைப் பொடித்துத் தூவினால் வேலை முடிந்தது. நீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் 20 நிமிடத்துக்கு மேல் ஆகாது.

உங்கள் தோழிக்குக் கொதிக்கவிட்டும் திரியாமல் வந்திருக்கலாம். ரொட்டியில் தடவும் பதப்படுத்திய சீஸ் வகைகளில், கொழுப்பையும் நீரையும் பிரியாமல் கட்டி வைக்கும் உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். அவை சூட்டைத் தாங்கும். ஒருவேளை அவர் பயன்படுத்தியது அந்த வகையாக இருந்திருக்கும்.

பூண்டு, தழை கலந்த இறக்குமதிச் சீஸ் எங்கள் வீட்டுச் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே செய்ய வழி உண்டா? பேசில், பார்ஸ்லி போன்ற வாசனைத் தழைகளும் எங்கள் பகுதிக் கடைகளில் கிடைப்பதில்லை.
– வாசகி, பெரம்பூர்

தாராளமாகச் செய்யலாம். இந்த வகைச் சீஸில் உலகெங்கும் பெயர் பெற்ற பூர்சான், பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் 1957-இல் பிறந்தது. விருந்தினர் வரும்போது வெண்மையான புதுச் சீஸைக் கிண்ணத்தில் வைத்து, அவரவர் விருப்பத்துக்குப் பூண்டும் தழையும் கலந்து உண்ணும் அவ்வூர் வழக்கத்தையே அது டப்பாவில் அடைத்துத் தந்தது. வீட்டில் கலந்து உண்டதுதான் முதலில். கடைக்கு வந்தது பிறகு. எனவே நம் வீட்டில் கலப்பதில் தயக்கம் எதற்கு?

கொழுப்பு நீக்காத பாலில் உறையவைத்த, புளிக்காத கெட்டித் தயிர் அரைக் கிலோ எடுத்து, சுத்தமான மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டுங்கள். வெளியே தொங்கவிட்டால் சென்னை வெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் புளிப்பேறிவிடும். வடிகட்டியில் வைத்து, கீழே ஒரு பாத்திரம் இட்டு, ஓர் இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் ஏறக்குறைய 200 கிராம் வெண்ணெய் போன்ற கட்டி கிடைக்கும். அதில் 50 கிராம் உப்பில்லாத வெண்ணெயை, அறை வெப்பத்தில் இளகிய நிலையில் சேர்த்துக் குழையுங்கள். நசுக்கிய பூண்டு இரண்டு பல், அரைத் தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள் ஆகியவற்றைக் கலந்து, இரண்டு மணி நேரமாவது குளிரில் வைத்தால் மணம் ஊறிவிடும். பச்சைப் பூண்டு கலந்தது ஆகையால் எப்போதும் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்து, மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

தழைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். நாம் திருநீற்றுப்பச்சிலை என்று சொல்லும் செடியும் அவர்கள் பேசில் என்று சொல்வதும் ஒரே இனம். பால் சர்பத்தில் ஊறும் சப்ஜா விதை அதன் விதைதான். மணத்தில் சிறு வேறுபாடு இருக்கும், அவ்வளவே. துளசியை மட்டும் இதற்குப் பதிலாகப் போடாதீர்கள். அதன் காட்டமான கிராம்பு வாசனை சீஸை அமுக்கிவிடும். கதம்பத்தில் மல்லிகையோடு வைத்துக் கட்டும் மரு, மேலைச் சமையலில் மார்ஜரம் என்ற பெயரில் உலவுகிறது. ஆனால் பூக்கடையில் வாங்கியதை உணவில் சேர்க்க வேண்டாம், தொட்டியில் வளர்த்ததாக இருக்கட்டும். சளிக்குக் கஷாயம் வைக்கும் ஓமவல்லி இலையில் ஆரிகனோவின் மணம் அப்படியே இருக்கிறது. இரண்டிலும் இருப்பது கார்வக்ரால் என்ற ஒரே மணப்பொருள்தான். அந்த இலை தடிமனானது, காரமானது. ஒரே ஓர் இலையைப் பொடியாக நறுக்கினால் போதும். பார்ஸ்லியின் இடத்துக்கு இளம் கொத்தமல்லியும், சைவ்ஸ் என்ற தழையின் இடத்துக்கு வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் அழகாகப் பொருந்தும். பூண்டில் எனக்குப் பிடித்தது கொடைக்கானல் மலைப்பூண்டு; 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் மணம் வலுவானது என்பதால் அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தயிரில் செய்த சீஸ் கடைச் சீஸை விட எளிதில் திரியும். எனவே வேளச்சேரி வாசகிக்குச் சொன்ன எச்சரிக்கை உங்களுக்கு இரு மடங்கு பொருந்தும்.

நாங்கள் சைவம். சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள் சேர்க்கப்படுகிறது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், மயிலாப்பூர்

சில சீஸ்களில் உண்மை. பாலை உறையவைக்கும் ரென்னெட் என்ற நொதி, மரபாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது; இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற சீஸ் இன்றும் அதைக் கொண்டே செய்யப்படுகிறது. நுண்ணுயிர்களிலிருந்து பெறும் ரென்னெட்டும் உண்டு. நம் நாட்டில் விற்கும் பொட்டலங்களில் சைவத்துக்கான பச்சைக் குறி கட்டாயம் இருக்க வேண்டும் என்பதால், அதைப் பார்த்து வாங்குங்கள். மேலே சொன்ன தயிர்ச் சீஸில் இந்த ஐயத்துக்கே இடமில்லை.

என் மகள் இந்தப் பாஸ்தாவைப் பள்ளிக்குக் கட்டித் தரச் சொல்கிறாள். மதியம் திறக்கும்போது பிசைந்த மாவு போல் ஒட்டிக்கொள்கிறதாம். என்ன செய்யலாம்?
– வாசகி, பள்ளிக்கரணை

ஆறும்போது மாவுச்சத்து இறுகுவதால் அப்படி ஆகிறது. மைதா கலந்த பாஸ்தாவாக இருந்தால் இன்னும் மோசமாகக் குழையும்; டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையில் செய்தது என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இத்தாலியில் உலர் பாஸ்தாவை அந்தக் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். சூடுபடுத்தும்போது இரண்டு கரண்டி பால் விட்டு இளந்தீயில் புரட்டினால் பழைய பதம் திரும்பும். பள்ளியில் அதற்கு வழியில்லை.

ஆனால் என் கவலை பதத்தைப் பற்றியது அல்ல. பால் பொருள் சேர்த்த சமைத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு. நம் ஊரில் ஆண்டின் பெரும்பாலான நண்பகல்களில் அந்த வெப்பம் இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கட்டியதை மதியம் பன்னிரண்டரைக்குக் குழந்தை உண்பது எனக்குச் சம்மதமில்லை. பள்ளிக்கு எலுமிச்சைச் சாதமோ புளிச்சாதமோ போகட்டும்; மாலையில் அவள் வந்து கை கால் கழுவி உடை மாற்றுவதற்குள் பாஸ்தாவைச் சூடாகவே செய்து கொடுத்துவிடலாம்.

இதில் காய்கறியும் தக்காளியும் சேர்க்கலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

பச்சைப் பட்டாணி, நறுக்கிய பீன்ஸ் ஆகியவற்றைப் பாஸ்தா வேகும் நீரிலேயே கடைசி மூன்று நிமிடத்தில் போட்டுவிடலாம். காளானை மட்டும் தனியே, அதன் நீர் முழுவதும் வற்றும்வரை வதக்கிச் சேருங்கள். தக்காளியின் புளிப்பு சீஸைத் திரியவைக்கும். வேண்டுமென்றால் சிறு தக்காளிகளைப் பாதியாக வெட்டி, பரிமாறும்போது தட்டின் மேல் வையுங்கள். எலுமிச்சையிலும் சாற்றைத் தவிர்த்துவிட்டு, மஞ்சள் தோலை மட்டும் துருவித் தூவினால் மணம் வரும், புளிப்பு வராது.