கேள்வி – பதில்: காரீயத் தகடும் ஐரோப்பிய விதியும்

கேள்வி: உணவுப் பொட்டலங்களைச் சோதிக்கும் எக்ஸ்ரே பெட்டி செய்கிறோம். உள்ளே 2 மி.மீ. ஈயத் தகடு. ஜெர்மனிக்காரர் ஆர்ஓஹெச்எஸ் (மின்கருவிகளில் அபாயப் பொருள்களுக்கான ஐரோப்பியக் கட்டுப்பாடு) ஆவணம் கேட்கிறார். ஈயம் இருந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: தகட்டுக்காக அனுப்ப மாட்டார்கள். ஈயம் என்று இரண்டைச் சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம் (டின்). அதற்குத் தடையே இல்லை. உங்கள் தகடு காரீயம் (லெட்). ஆர்ஓஹெச்எஸ் எனப்படும் 2011/65 எண்ணுள்ள ஐரோப்பிய ஆணை காரீயத்துக்கு 0.1 சதவீதம்தான் இடம் தருகிறது. ஆனால் அதன் நான்காம் இணைப்பின் 5-வது இனம், மருத்துவக் கருவிகளிலும் சோதனை, கண்காணிப்புக் கருவிகளிலும் கதிர்வீச்சைத் தடுக்கும் காரீயத்துக்கு விலக்கு தருகிறது. விலக்குகளுக்குக் காலவரம்பு உண்டு. கப்பலேற்றுமுன் செல்லுபடியைப் பாருங்கள்.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். 0.1 சதவீதம் என்பது பெட்டியின் மொத்த எடையில் அல்ல, ஒவ்வொரு ஒருபடித்தான பொருளிலும் (அதாவது மேலும் பிரித்தெடுக்க முடியாத ஒரே சீரான பொருளில்). கன்ட்ரோல் போர்டில் பழைய 63/37 சால்டர் (வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு) வைத்திருந்தால் அதில் 37 சதவீதம் காரீயம். தகட்டுக்கான விலக்கு அதைக் காப்பாற்றாது. கேபிள் உறையின் பிவிசியிலும் காரீயம் வரம்புக்குள்தான் என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஆவணங்களை இஎன் ஐஇசி 63000 என்ற ஆவணத் தரப்படி அடுக்கினால், ஐரோப்பிய விதிகளுக்கு இணக்கம் என்று காட்டும் சிஇ குறியின் ஆர்ஓஹெச்எஸ் பகுதிக்கு அதுவே ஆதாரம்.

கேட்காததையும் சொல்கிறோம்: கசிவு பெரும்பாலும் தகட்டின் கனத்தால் அல்ல, இணைப்பால். முனையோடு முனை சேர்த்தால் இடுக்கில் கதிர் நேராக வெளியேறும். குறைந்தது 1 செ.மீ. மேற்படிய வையுங்கள். திருகு துளைத்த இடத்தைக் காரீயத் துண்டால் மூடுங்கள். கேபிள் துளையை வளைத்துக் கொண்டுபோங்கள். 2 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 22.7 கிலோ, காரீயம் சாதாரண வெப்பத்திலேயே மெல்லத் தொய்யும். எஃகுத் தாளில் முழுப்பரப்பும் ஒட்டாவிட்டால் சில ஆண்டில் மேல்விளிம்பில் இடைவெளி விழும். கதிர்வீச்சு மீட்டரால் சோதிக்கும்போது எக்ஸ்ரே டியூபை உச்ச கேவியில் (கிலோவோல்ட்) ஓட்டி, உள்ளே ஒரு பொட்டலத்தையும் வையுங்கள். சிதறும் கதிர் இல்லாத சோதனை பாதிச் சோதனைதான்.

உள்நாட்டில், அதாவது தென்னாப்பிரிக்காவில், இந்த எக்ஸ்ரே பெட்டி 1973-ம் ஆண்டு அபாயப் பொருள் சட்டத்தின் மூன்றாம் குழுவில் வரும். சாப்ரா என்ற சுகாதாரப் பொருள் ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் தனியாக வேண்டும்.

கேள்வி: தகடு வெட்டிய தூளைப் பெருக்கலாமா?
– வாசகர், மெரிபேங்க்

பதில்: கூடாது, தூள் காற்றில் எழும்பும். ஈரத்துணியால் துடையுங்கள், அல்லது நுண்தூளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் பயன்படுத்துங்கள். கிரைண்டர் வேண்டாம், கத்தரியே போதும். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள். சாப்பிடுமுன் கை, முகம் கழுவுங்கள். தொடர்ந்து வெட்டுபவருக்கு இரத்தத்தில் காரீய அளவு பார்ப்பது முதலாளியின் பொறுப்பு. 1993-ம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காரீயத்துக்கென்றே தனி விதிகள் உண்டு.