அமெரிக்காவுல சின்ன ரெஸ்டாரன்ட் வெச்சிருக்கேன். ஊர்ல மேற்கத்திய கிளாசிக்கல் இசை போடற பப்ளிக் ரேடியோக்காரங்க ஸ்பான்சர் பண்ணச் சொல்லிக் கேக்கறாங்க. குடுத்தா வியாபாரம் ஏறுமா?

ஏறாதுங்க. ரேடியோல கடை பேர் வந்த மறுவாரமே வாசல்ல கியூ நிக்கும்னு யாராவது உங்ககிட்ட சொல்லியிருந்தா அவர் டார்கெட் முடிக்கப் பாக்கறார்னு அர்த்தம். ஆனாலும் குடுங்கன்னுதான் நான் சொல்வேன், ஏன்னா நானும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், நிறுத்தற ஐடியா இல்ல.

உங்க கடை எப்படி இருக்கும்னு ஓரளவு என்னால சொல்ல முடியும். ஸ்ட்ரிப் மால்ல ஒரு ஓரம், ஒரு பக்கம் நெயில் சலூன், இன்னொரு பக்கம் எப்பவோ மூடின ஏதோ ஒரு கடை. சனி ஞாயிறு நம்மாளுங்க குடும்பத்தோட வந்து நிறைஞ்சுடுவாங்க, திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் மத்தியானம் ஈ ஓட்டணும், வாடகை மட்டும் ஏழு நாளுக்கும் சேர்த்துதான். இந்த நிலமையில ரேடியோவுல இருந்து ஒருத்தர் வந்து மரியாதையா கார்டு குடுத்துட்டு "அண்டர்ரைட்டிங்"னு ஏதோ பேசிட்டுப் போயிருப்பாங்க, நீங்க அதை விளம்பரம்னு எடுத்துக்கிட்டு இங்க வந்து கேட்டிருக்கீங்க.

அது விளம்பரம் இல்ல. சட்டப்படியே இல்ல. எஃப்எம்ல 88ல இருந்து 92 வரைக்கும் இருக்கற இடத்தை அமெரிக்காவுல லாப நோக்கம் இல்லாத ஸ்டேஷன்களுக்குன்னே ஒதுக்கி வெச்சிருக்காங்க, பப்ளிக் கிளாசிக்கல் ஸ்டேஷன் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். அவங்க காசு வாங்கிட்டு விளம்பரம் போடக்கூடாது, காசு குடுத்தவங்க பேரைச் சொல்லி நன்றி சொல்லிக்கலாம், அதுக்குப் பேர்தான் அண்டர்ரைட்டிங். 1984ல ரேடியோ, டிவிக்கு ரூல் போடற அரசு அமைப்பான எஃப்சிசி இதைக் கொஞ்சம் தளர்த்தி, கடை எங்க இருக்கு, என்ன விக்குது, பிராண்ட் பேர் என்னங்கற வரைக்கும் சொல்லலாம்னு விட்டாங்க. ஆனா விலை சொல்லக்கூடாது, "வாங்க"ன்னு கூப்பிடக்கூடாது, ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு ஆசை காட்டக்கூடாது, அடுத்த கடையோட ஒப்பிடக்கூடாது, நம்ம சரக்கு நல்ல சரக்குன்னுகூட சொல்லக்கூடாது. பேங்க் ஸ்பான்சர் பண்ணா வட்டி எத்தனை சதவீதம்னு சொல்றதும் தப்புதான், அதுவும் விலைக் கணக்குல வந்துடுமாம்.

விவித் பாரதி விளம்பரம் கேட்டு வளர்ந்த காதுங்க நமக்கு. நான் எழுதிக் குடுத்தது இதுதான்: ஊரிலேயே சுவையான மொறுமொறு தோசை, மத்தியான பஃபே 13 டாலர் மட்டுமே, குடும்பத்தோட வாங்க. என்கிட்ட பேச வந்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும், சிவப்புப் பேனாவோட உக்காந்தாங்க. "ஊரிலேயே" போச்சு, "சுவையான" போச்சு, 13 டாலர் போச்சு, "வாங்க"வும் போச்சு. மொறுமொறுவுல வந்து நின்னுட்டாங்க. "இது தோசையில ஒரு வகையா, இல்ல நீங்க பெருமையா சொல்லிக்கறதா?"ன்னு சீரியஸா ஒரு கேள்வி. நான் "மேடம், மொறுமொறுன்னு இல்லாட்டி அது கல் தோசை, அது வேற ஐட்டம்"னு பத்து நிமிஷம் விளக்கினேன். அவங்க ஆஃபீஸ்ல கேட்டுட்டு வந்து அதையும் அடிச்சுட்டாங்க. மிஞ்சினது கடை பேர், ரோடு பேர், தென்னிந்திய சைவ உணவு, தோசை, இட்லி, கேட்டரிங், வெப்சைட். வீட்டுல படிச்சுக் காட்டினேன், "இது விளம்பரமா ரேஷன் கார்டா"ன்னு கேட்டா என் வீட்டம்மா.

ரேடியோ அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ரூல் மீறினா ஃபைன் கட்டப் போறது ஸ்டேஷன்தான், நானில்ல. அதுவும் 2025 ஜனவரில எஃப்சிசி தலைவர் ப்ரெண்டன் கார், என்பிஆர் (பப்ளிக் ரேடியோ), பிபிஎஸ் (பப்ளிக் டிவி) ஸ்டேஷன்கள்ல வர்ற இந்த ஸ்பான்சர் அறிவிப்பெல்லாம் வரம்பு மீறுதான்னு விசாரிக்கச் சொல்லி லெட்டர் போட்டாரு பாருங்க, அதுக்கப்புறம் இன்னும் கெடுபிடி. அதனால உங்க ஸ்கிரிப்ட்ல பெயரடை எதுவும் தங்கும்னு எதிர்பாக்காதீங்க.

சரி, அப்புறம் எதுக்குக் குடுக்கணும்? எனக்கு நடந்ததைச் சொல்றேன், உங்களுக்கும் அப்படியே நடக்கும்னு சொல்லல. ஸ்பாட், அதான் அந்த அறிவிப்பு, ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் தெரியல. அப்புறம் செவ்வாய், புதன் மத்தியானத்துல தலை நரைச்ச வெள்ளைக்காரங்க ரெண்டு ரெண்டு பேரா வர ஆரம்பிச்சாங்க. ரிட்டயர்டு வாத்தியார், சர்ச்ல ஆர்கன் வாசிக்கற ஒருத்தர், நர்ஸா இருந்தவங்க, இந்த மாதிரி ஆளுங்க. யாரும் கூப்பன் கேக்கல, டெலிவரி ஆப்ல ரேட்டிங் பாத்துட்டு வரல. சாப்பிட்டு முடிச்சு பில் கட்டறப்போ "எங்க ஸ்டேஷனுக்கு சப்போர்ட் பண்றதுக்கு நன்றி"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. எங்க ஸ்டேஷனாம்! கூகுள் விளம்பரத்துக்கு எவ்வளவு கொட்டியிருக்கேன், ஒருத்தராவது வந்து "கூகுளுக்குப் பணம் கட்டினதுக்கு நன்றி"ன்னு சொல்லியிருப்பாரா? அவங்க வீட்டு விசேஷம், கொயர் பார்ட்டின்னு கேட்டரிங் ஆர்டரும் அப்பப்ப வரும். காரம் கம்மியாப் போடணும், அது ஒண்ணுதான். மொத்தமாப் பாத்தா போட்ட பணம் வந்துச்சான்னு கேட்டீங்கன்னா, செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடுப்பு பத்த வைக்கறது நஷ்டமில்லன்னு ஆச்சு. எனக்கு அது போதும்.

இதைப் படிச்சுட்டு "இவரு பெரிய மொசார்ட் ரசிகரு"ன்னு யாராவது கமென்ட்ல வருவீங்க. இல்லீங்க. எங்க கேட்டரிங் வேன்ல ப்ளூடூத் கிடையாது, ரேடியோ மட்டும்தான், அதுல கத்தாம ஓடற ஒரே ஸ்டேஷன் அதுதான், அதனால கேட்டேன். பாக் யாரு ப்ராம்ஸ் யாருன்னு இன்னிக்கும் அனௌன்சர் சொன்னாத்தான் தெரியும். இன்னொரு கோஷ்டி "நம்ம கர்நாடக சங்கீதத்துக்குக் குடுக்காம வெள்ளைக்காரனுக்குக் குடுக்கறான்"னு ஆரம்பிப்பாங்க. 1978ல இருந்து நடக்கற கிளீவ்லாண்ட் தியாகராஜ ஆராதனைக்கு வண்டி ஓட்டிட்டுப் போய் உக்காந்து கேக்கறவன்தான் நானும், ஒண்ணைக் குடுத்தா இன்னொண்ணைக் குடுக்கக்கூடாதுன்னு எவன் சொன்னான்?

இதைப் பேச ஆரம்பிச்சா இன்னொண்ணும் வருது, சொல்லிடறேன். நம்ம ஊர் அசோசியேஷன் ஒண்ணு, பேர் வேணாம், பொங்கல் விழாவுக்கு "பிளாட்டினம் ஸ்பான்சர்" ஆகுங்க சார்னு வந்தாங்க. காசும் குடுத்தேன், சாப்பாடும் பாதி விலையில போட்டேன். 300 பேருக்குன்னு சொல்லிட்டு 450 பேர் வந்து, சாம்பாருக்குத் தண்ணி ஊத்தற நிலமை, அந்தத் திட்டு எல்லாம் எனக்கு. ஃப்ளெக்ஸ்ல என் கடை லோகோ ரியல் எஸ்டேட்காரர் முழங்கைக்குக் கீழ ஸ்டாம்ப் சைஸ்ல இருந்துச்சு. மேடையில எல்லார் பேரும் சொன்னாங்க, சின்னப் பசங்களுக்கு மேக்கப் போட்டவங்க பேர்கூட சொன்னாங்க, எங்க பேர் விட்டுப்போச்சு. பாக்கிப் பணம் கேட்டா "அண்ணே, கமிட்டி மாறிடுச்சு"ங்கறாங்க. ரேடியோக்காரங்க எந்தத் தேதியில எந்த மணிக்கு என் பேரைச் சொன்னாங்கன்னு மாசா மாசம் பிரிண்ட் அவுட் அனுப்பறாங்க, ஒரு தடவை விட்டுப்போனதுக்குக் கேக்காமலே இன்னொண்ணு போட்டுக் குடுத்தாங்க. சரி விடுங்க, வயித்தெரிச்சல்.

"இவ்வளவு கேக்கறவங்க இருந்தா அவங்களே கமர்ஷியலா நடத்தலாமே, நம்மகிட்ட எதுக்குக் கையேந்தணும்?"னு கேப்பீங்க. நடத்திப் பாத்தாங்க. நியூயார்க்ல டபிள்யூக்யூஎக்ஸ்ஆர் பல வருஷம் நியூயார்க் டைம்ஸ் கையில விளம்பரத்தோட ஓடினதுதான், 2009ல வித்துட்டாங்க, 96.3ல இருந்து சிக்னல் கம்மியான 105.9க்குத் தள்ளி பப்ளிக் ஸ்டேஷன் ஆச்சு. சியாட்டல்ல கிங் எஃப்எம் 2011ல கமர்ஷியலை விட்டுட்டு நேயர் பணத்துக்கு மாறிடுச்சு. பப்ளிக்கா இருந்தாலும் கஷ்டம்தான்: ஹூஸ்டன்ல பப்ளிக் ரேடியோக்காரங்க 91.7ல முழுநேர கிளாசிக்கல் ஓட்டினாங்க, 2016ல அந்த அலைவரிசையே கைமாறிப் போச்சு. பெரிய கம்பெனியை நம்பலாமான்னா, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்ரா சனிக்கிழமை ஒலிபரப்பை 1940ல இருந்து 2004 வரைக்கும் ஒரே கம்பெனி, டெக்ஸாகோங்கற பெட்ரோல் கம்பெனிதான், தாங்கிச்சு. அப்படி ஒரு ஸ்பான்சர் இனிமே யாருக்குக் கிடைக்கப் போறான்? அவங்க நிறுத்தினதும் புது ஆளைத் தேடி அலையத்தான் வேண்டியிருந்துச்சு. ஊர் ஸ்டேஷனுக்கு டெக்ஸாகோ எல்லாம் வராது. பல் டாக்டர், பியானோ ட்யூனிங் பண்றவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், நம்ம தோசைக் கடை, இவ்வளவுதான் வரும்.

2025 ஜூலையில நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பப்ளிக் ரேடியோ, டிவிக்கு அரசுப் பணத்தைப் பிரிச்சுக் குடுத்த சிபிபிங்கற அமைப்புக்கு ரெண்டு வருஷத்துக்குன்னு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை காங்கிரஸ் திரும்ப எடுத்துக்கிச்சு. 1967ல ஜான்சன் கையெழுத்துப் போட்ட சட்டத்துல பிறந்த அமைப்பு, ஆகஸ்ட் ஒண்ணாம் தேதியே கடையைக் கட்டறோம்னு அறிவிச்சுட்டாங்க. நியூஸ் சேனல் சண்டையாவே எல்லாரும் இதைப் பாத்தாங்க, ஆனா நாள் முழுக்க பாட்டு மட்டும் போடற ஸ்டேஷனுக்கு இதுல இன்னொரு இடி இருக்கு. பாட்டு ஒலிபரப்பறதுக்கு உரிமைக் கட்டணம் கட்டணுமில்ல, அதை எல்லா பப்ளிக் ஸ்டேஷனுக்கும் சேர்த்து மொத்தமா பேரம் பேசி முடிச்சுக் குடுத்தது சிபிபிதான். பீத்தோவன் செத்து 200 வருஷம் ஆகப் போகுது, அவருக்கு என்ன ராயல்டின்னு நான்கூட கேட்டேன். ரெக்கார்டிங் புதுசுப்பா, ஆன்லைன்ல ஸ்ட்ரீம் பண்ணா வாசிச்ச ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போகணும்னு அந்த ரேடியோ அம்மா பாடம் எடுத்தாங்க. அரசியல் பேச நான் வரல, எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போடற ஸ்டேட்டஸ்லயும் நான் இல்ல. அந்தப் பணம் போனதும் உங்ககிட்ட வந்து கதவைத் தட்டறாங்கன்னு மட்டும் புரிஞ்சுக்குங்க.

இனிமே உங்களுக்கு உருப்படியா நாலு விஷயம். கையில காசு இல்லாட்டி "ட்ரேட்" கேளுங்க, அதாவது காசுக்குப் பதிலா சாப்பாடு. அவங்க நிதி திரட்டற வாரத்துல ஃபோன் எடுக்க வாலன்டியர்ஸ் காலைல இருந்து உக்காந்திருப்பாங்க, அவங்களுக்கு சாப்பாடு யாராவது போடணும். நான் வெண்பொங்கல், வடை, சாம்பார் கொண்டுபோய் வெச்சேன், அந்த மதிப்புக்கு ஸ்பாட் குடுத்தாங்க, போதாக்குறைக்கு அனௌன்சர் மைக்லயே வடை பத்திப் பேசினாரு. நான் காசு குடுத்து எழுதினா அடிச்சிருப்பாங்க!

எந்த நேரத்துல ஓட்டுவாங்கன்னு எழுத்துல வாங்குங்க. நிறைய ஸ்டேஷன் ராத்திரி முழுக்க மினசோட்டாவுல இருந்து வர்ற கிளாசிக்கல் 24 மாதிரி ரெடிமேட் நிகழ்ச்சியைத்தான் ஓட்டறாங்க, நடுராத்திரி ரெண்டு மணிக்கு உங்க இட்லியைப் பத்திச் சொல்லி யாருக்கு லாபம்? காலைல ஆஃபீஸ் போற நேரம், இல்ல மத்தியானம் பதினொண்ணு சுமாருக்குக் கேளுங்க, பசிக்கற நேரம். டாக்ஸ்ல இதை தர்மக் கணக்குல போடாம பிசினஸ் செலவா காட்ட முடியும்னு என் ஆடிட்டர் (சிபிஏ) சொல்லி அப்படித்தான் போடறேன், நீங்க உங்க ஆளைக் கேட்டுக்குங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க.

முதல்லயே ஒரு வருஷத்துக்கு கையெழுத்துப் போடாதீங்க, மூணு மாசம் போதும். காலேஜ் நடத்தற ஸ்டேஷனா இருந்தா கணக்கு வருஷம் பெரும்பாலும் ஜூன் 30ல முடியும், அதுக்குள்ள அந்த வருஷ வசூல் டார்கெட்டைத் தொட்டாகணும்னு ஓடிக்கிட்டிருப்பாங்க, அதனால மே கடைசில பேசினீங்கன்னா அதே காசுக்கு ஸ்பாட் கூடவே கிடைக்கும். நான் அப்படித்தான் வாங்கறேன்.