சூரியனில் தொங்கும் ஏணை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

போன கிழமை சனசமூக நிலையத்தில் சூரிய முனைப்பு, அதாவது சூரிய மேற்பரப்புக்கு மேலே தொங்கும் வாயு மேகம், பற்றிக் கதைத்த பிறகு வந்த கேள்விகள் இவை. முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். கரும்பலகை இல்லாமல் விளக்குவது கொஞ்சம் கஷ்டம்தான்.

கொக்குவில், உயர்தர மாணவி: சேர், காந்த வெடிப்பு நடக்கேக்கைதானே சூரிய முனைப்பு உருவாகுது?

பெரும்பாலும் மறுவளம், பிள்ளை. முனைப்பு முதலில், வெடிப்புப் பிறகு. சூரிய மேற்பரப்பில் காந்த வடமுனைப் பகுதியும் காந்தத் தென்முனைப் பகுதியும் சந்திக்கும் எல்லைக்கு மேலே காந்தக் கோடுகள் முறுகி நிற்கும். நடுவில் தொய்வு விழும். கூரை வளையில் கட்டின ஏணைத் தொட்டில் என்று வையுங்கோ. உள்ளே கிடப்பது பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துணிக்கைகளாகப் பிரிந்த வாயு. மின்னேற்றம் உள்ளபடியால் கோடுகளைக் குறுக்கே கடந்து கீழே விழ ஏலாது. அடர்த்தி கூடக்கூட வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழக்கும். குளிர்ந்தால் அமுக்கம் குறைந்து இன்னும் வாயு உள்ளே வரும், அதுவும் குளிரும். இப்படியே, பத்து லட்சம் பாகைக்கு மேல் கொதிக்கும் கொரோனா என்ற சூரியனின் வெளி வளிமண்டலத்துக்குள் பத்தாயிரம் பாகைக்கு உட்பட்ட ஒரு 'குளிர்ந்த' மேகம் நாட்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் தொங்கும்.

சாவகச்சேரி: அப்ப அது நெருப்பில்லையோ?

இல்லை அண்ணை. முனைப்பில் தெரியும் அந்தச் சிவப்பு, ஐதரசன் விடும் 656 நானோமீற்றர் ஒளி. அதே முனைப்புச் சூரிய வட்டத்துக்கு முன்னால் வந்தால் கறுத்த இழையாகத் தெரியும்.

பருத்தித்துறை: 2019 மார்கழி 26 கங்கண கிரகணத்தில் ஏன் காணேல்லை?

மிஞ்சி நின்ற வளையத்தின் வெளிச்சமே அதை விழுங்கிப் போட்டுது. முழுக் கிரகணம் வேணும். 1868 ஆவணி 18 முழுக் கிரகணத்தைக் குண்டூரில் பார்த்த பிரெஞ்சுக்காரர் ஜான்சன், முனைப்பின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தபோது தெரிந்த நிறமாலைக் கோடுகள் அவ்வளவு பிரகாசமாக இருந்ததைக் கண்டு, அடுத்த நாளே கிரகணம் இல்லாமல் நிறமாலைகாட்டியால் முனைப்புகளைப் பார்த்தார். எனக்கு மிகப் பிடித்த கதை.

நெல்லியடி: பிறகு ஏன் வெடிக்குது? எங்கட கறண்ட் போறதும் இதாலயோ?

மேலே வளைந்து நிற்கும் கோடுகள்தான் ஏணையை அமுக்கிப் பிடித்திருக்கின்றன. முறுக்கு ஏறி, கோடுகள் அறுந்து வேறுவிதமாகப் பொருந்தும்போது பிடி விடும். வல்வெட்டித்துறைப் பட்டம் நூல் அறுந்த மாதிரி. என்ன, பட்டம் கடலில் விழும், இது விண்வெளிக்குப் போகும். வெடித்த இடத்தில் மிஞ்சும் சூடான வாயு பிறகு குளிர்ந்து, காந்த வளைவுகள் வழியே மழைபோல் இறங்கும். இதுவும் ஒரு வகை முனைப்புத்தான், வெடிப்புக்குப் பிறகு வருவது. அதனால் கொக்குவில் பிள்ளையின் கேள்வியும் முழுப் பிழையில்லை.

போனது பூமிப் பக்கம் வந்தால், ஒன்றிரண்டு நாளில் காந்தப் புயல், பூமியின் காந்தப்புலமே ஆட்டங்காணும். 1989 பங்குனி 13 அப்படி ஒன்றால் கனடாவின் கியூபெக்கில் ஒன்பது மணித்தியாலம் மின்சாரம் இல்லை. அது வடக்கே, துருவப் பக்கம். இங்கே கறண்ட் போனால் முதலில் வயரில் பனை மட்டை கிடக்குதோ எண்டு பாருங்கோ.